உண்ணல் கோளாறிலிருந்து மீண்டவர் எடை குறைக்கலாமா? ஒரு டாக்டர் குறை என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார்

2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வீகோவி என்று வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. வீகோவியில் உள்ள செமாக்ளூடைடு என்ற மருந்துக்கான காப்புரிமை இங்கே 2026 மார்ச் வரைதான் என்பதால் விலை குறைந்த ஊசிகள் பற்றியும் பேச்சு ஓடுகிறது. எங்கே போனாலும் எடைதான். இந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு கூட்டம் மட்டும் மாட்டிக்கொண்டு முழிக்கிறது: ஒரு காலத்தில் சாப்பிடாமலே கிடந்தவர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுத்தவர்கள், ராத்திரியில் கட்டுமீறித் தின்றுவிட்டு அழுதவர்கள், எல்லாம் முடிந்து சிகிச்சை எடுத்து மீண்டு வந்துவிட்டவர்கள்.

இப்போது அவர்களுக்கு எடை கூடியிருக்கிறது. சுகர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "கொஞ்சம் வெயிட் குறைங்க" என்கிறார். மனநல மருத்துவரோ "வீட்டில் வெயிட் மெஷின் இருந்தால் தூக்கிப் போடுங்க" என்று சொல்லி அனுப்பியவர். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேரும் தவறாகச் சொல்லவில்லை. குழப்பம் வருவது வரிசையில்தான். எது முதலில், எது அப்புறம், எது வேண்டவே வேண்டாம் என்பது இவர்களுக்கு மற்றவர்களிலிருந்து மாறுபடும். அதை அடியிலிருந்து பார்ப்போம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம், இந்தக் கட்டுரையில் கலோரிக் கணக்கோ இலக்கு எடையோ வராது. இந்த வரலாறு உள்ளவர் கண்ணில் ஒரு எண் பட்டால் அது போட்டியாக மாறிவிடும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

## முதலில் பெயர்கள்

உண்ணல் கோளாறு, ஆங்கிலத்திலிருந்து வந்த பெயரில் ஈட்டிங் டிஸார்டர், என்பது ஒரே நோய் அல்ல. அடிக்கடி காதில் விழும் மூன்றை மட்டும் பார்ப்போம்.

1. அனோரெக்ஸியா. உணவை மிகவும் குறைத்து உடல் மெலிந்துபோவது. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்தப் பெயரை 1873இல் வைத்தார். ஆக இது இன்ஸ்டாகிராம் காலத்து நோய் இல்லை.

2. புலிமியா. அளவில்லாமல் தின்றுவிட்டு, அதை ஈடுகட்ட வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, வெறித்தனமான உடற்பயிற்சி என்று எதையாவது செய்வது. 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் இதைத் தனியாக விவரித்தார்.

3. பிஞ்ச் ஈட்டிங். கட்டுமீறித் தின்பது மட்டும் இருக்கும், ஈடுகட்டும் வேலை இருக்காது. பல பத்தாண்டுகள் பேசப்பட்டாலும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம் கையேட்டில் தனி நோயாக இடம் கிடைத்தது 2013இல்தான்.

ஆளைப் பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. புலிமியா உள்ளவர் பெரும்பாலும் சாதாரண எடையில்தான் இருப்பார். பருமனான ஒருவர் பட்டினி கிடந்து தடாலடியாக எடை குறைத்தால் அனோரெக்ஸியாவின் எல்லா ஆபத்தும் அவருக்கும் வரும், ஆனால் வெளியே இருப்பவர்கள் "சூப்பர், எப்படிக் குறைச்சே?" என்றுதான் கேட்பார்கள்.

நம் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர், குண்டாகிவிடுவோம் என்ற பயமே சொல்லாத அனோரெக்ஸியா நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் சொன்ன காரணம் வயிறு உப்புகிறது, பசியில்லை என்பது. தமிழ் வீட்டில் இதைக் கேட்டால் "கேஸ் டிரபிள்" என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். அல்லது பெண் விரதம் இருக்கிறாள் என்று பெருமைப்படுவார்கள். செவ்வாய், வெள்ளி, ஏகாதசி, சஷ்டி என்று காலண்டரில் சாப்பிடாமலிருக்கக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. நோய் அதற்குள் போய் ஒளிந்துகொண்டால் வருடக்கணக்கில் தெரியாது. விரதம் இருப்பவர் எல்லாம் நோயாளி என்று சொல்லவில்லை. விரதம் முடிந்த மறுநாள் அவரால் சாதாரணமாகச் சாப்பிட முடிகிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

## மீண்டபின் எடை ஏன் ஏறுகிறது

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், போருக்குப் போக மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்களை வைத்து ஆன்சல் கீஸ் ஒரு சோதனை தொடங்கினார். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியில் கிடப்பவர்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பவர்களாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். 24 வாரம் அவர்களுக்குத் தேவையானதில் ஏறக்குறைய பாதி உணவு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பெரும்பாலும் ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப், மக்ரோனி. அந்தப் பாதி அளவுகூட இன்று கைமாறும் பல டயட் சார்ட்டுகளில் எழுதியிருப்பதைவிட அதிகம்தான்.

உடம்பு எடையில் கால்வாசி போனது. அதைவிட விசித்திரம் அவர்கள் நடந்துகொண்ட விதம். தட்டில் இருப்பதைத் தண்ணீர் ஊற்றிப் பெருக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், கடைசியில் தட்டை நக்கினார்கள். அதுவரை சமையல் பக்கமே போகாத ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்து ராத்திரி படுக்கையில் படித்தார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காமை எல்லாம் வந்தது. அப்புறம் உணவுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது சிலர் வயிறு வெடிக்கத் தின்றும் "இன்னும் பசிக்கிறது" என்றார்கள்.

அனோரெக்ஸியா, புலிமியா உள்ளவரிடம் நாம் "குணம்" என்று நினைக்கிற பாதி விஷயம் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. மனநோய் இல்லாத ஆளுக்கும் பட்டினி போட்டால் அது வரும். மீளும்போது நடப்பதையும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

1. கூட வேண்டிய எடை கூடுகிறது. குறைந்திருந்ததுதான் நோய், ஏறியது சிகிச்சை. இதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று தோன்றும், ஆனால் பழைய போட்டோவை எடுத்து ஒப்பிடுபவர் பெரும்பாலும் நோய் உச்சத்தில் இருந்தபோது எடுத்த போட்டோவைத்தான் எடுக்கிறார்.

2. தண்ணீர். உடலில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு ஒரு கிராம் சேர்ந்தால் கூடவே சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேரும். வாந்தியையும் பேதி மாத்திரையையும் நிறுத்தியவருக்கு உப்பும் நீரும் தேங்கி முகமும் காலும் வீங்கும். சில வாரத்தில் வடிந்துவிடும். இதைக் கொழுப்பு என்று பயந்து மறுபடி மாத்திரைக்குப் போனவர்கள் ஏராளம். பேதி மாத்திரை வேலை செய்வது பெரும்பாலும் பெருங்குடலில், சத்தை உறிஞ்சுவது அதற்கு முன்பே சிறுகுடலில் முடிந்துவிடுகிறது. ஆகவே அது குறைத்துக்காட்டுவது தண்ணீரை, கூடவே பொட்டாசியத்தை. பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

3. கொழுப்பு முதலில், தசை பிறகு. மினசோட்டா இளைஞர்களுக்கும் இதுதான் ஆனது. தசை முழுதாகத் திரும்புவதற்குள் கொழுப்பு பழைய அளவைத் தாண்டியது. தசை திரும்பும்வரை பசியும் அடங்கவில்லை. அனோரெக்ஸியாவிலிருந்து மீள்பவருக்கு முதலில் வயிற்றைச் சுற்றித்தான் சேரும், எடை நிலையாக இருந்தால் ஒரு வருட வாக்கில் உடல் முழுக்கப் பரவிச் சமமாகும். நடுவில் பயந்து டயட் தொடங்கினால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும்.

4. மூளை எச்சரிக்கையில் இருக்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கும் (1994இல் கண்டுபிடித்தது), பசி ஏறும், உடல் செலவழிக்கும் ஆற்றல் குறையும். பலமுறை பட்டினி பார்த்த உடம்பு அடுத்த பட்டினிக்கும் தயாராகவே இருக்கும்.

5. மற்ற காரணங்கள். ஓலன்ஸபின், மிர்டாஸபின் போன்ற மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். தைராய்டு, பி.சி.ஓ.எஸ், தூக்கக் குறைவு இருக்கலாம். மாத்திரையால் வந்த எடையை உங்கள் நாக்கின் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், எழுதிக்கொடுத்தவரிடம் மாற்று உண்டா என்று கேட்கலாம்.

## குறைக்க வேண்டும் என்று கேட்பது யார்?

இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். எடை குறைய வேண்டும் என்ற ஆசை மருத்துவக் காரணத்தாலும் வரலாம், பழைய நோய் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தும் கேட்கலாம். இரண்டாவதும் "ஆரோக்கியம்" என்ற வார்த்தையைத்தான் சொல்லும்.

இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 23இலிருந்து அதிக எடை, 25இலிருந்து பருமன் என்று 2009இல் இந்திய மருத்துவர்கள் வகுத்தார்கள். குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வருவதால் அப்படி. ஊர் ஜனத்தைப் பார்க்க அது நல்ல அளவுகோல். ஆனால் அனோரெக்ஸியாவிலிருந்து மீண்ட ஒருவர் 24இல் நின்று, மாதவிடாய் ஒழுங்காகி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும்போது "ஓவர்வெயிட்" என்று ஒரு ஆப் சொல்வதற்காக அவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் அந்த ஆப்பை அழிப்பது மட்டும்தான் அவர் செய்ய வேண்டியது.

பார்க்க வேண்டிய எண்கள் வேறு: மூன்று மாத சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல். குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும், முட்டி வலி. இவற்றில் சிலவற்றுக்கு எடை குறைவது நிஜமாகவே உதவும், அதை மறைத்துப் பயனில்லை. முக்கியமாகக் கல்லீரல் கொழுப்பு, மூச்சுத் திணறல், முட்டி. ஆனால் சர்க்கரையும் அழுத்தமும் எடை அசையாமலே இறங்கக்கூடியவை: சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிட நடை, உப்பைக் குறைப்பது, தூக்கம், தசைப் பயிற்சி.

எனவே தொடங்கும் முன் கேட்டுப் பார்க்க வேண்டியவை:

1. ஒரு மருத்துவர் காரணம் சொல்லிக் கேட்டாரா, அல்லது கல்யாண ஆல்பம் பார்த்த ராத்திரி தோன்றியதா?
2. கட்டுமீறித் தின்பதும், வாந்தியும், வேளை தவிர்ப்பதும் நின்று நாளாகிவிட்டதா? மன அழுத்தம் வந்த நாட்களிலும் நின்றிருந்ததா?
3. எடை ஒரு கிராம்கூடக் குறையாது, ஆனால் சர்க்கரை சரியாகும் என்றால் இந்த மாற்றங்களைச் செய்வீர்களா?
4. நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு "அப்புறம் எதுக்கு?" என்று பதில் வந்தால், பேச வேண்டிய ஆள் டயட்டீஷியன் அல்ல, சிகிச்சை கொடுத்த மனநல மருத்துவர்தான். சிறுவர் சிறுமியர், கர்ப்பிணிகள், இன்னமும் வாந்தி எடுப்பவர்கள் எடைக்குறைப்புப் பக்கமே தனியாகப் போகக் கூடாது. அனோரெக்ஸியா வரலாறு உள்ளவருக்குப் பெரும்பாலும் பதில் "வேண்டாம்" என்பதுதான், பருமனும் நோயும் சேர்ந்து வந்து மருத்துவர் குழு கூடவே இருந்தாலொழிய.

## எல்லோருக்கும் சொல்லும் டிப்ஸ் இவர்களுக்கு ஏன் ஆகாது

"காலை டிபனை விடு, மதியம் பன்னிரண்டுக்குச் சாப்பிடு." "சோறே வேண்டாம்." "தினமும் காலையில் வெயிட் பாரு." "சாப்பிட்டதை எல்லாம் ஆப்பில் போடு." இந்த அறிவுரைகளில் சில, சிலருக்கு வேலை செய்யலாம். "லங்கணம் பரம ஔஷதம்" என்று வயிற்றைக் காயப்போடுவதை மருந்தாகச் சொன்ன ஊர் நம்முடையது. சிக்கல் என்னவென்றால் இவை ஒவ்வொன்றும் நோயின் அறிகுறிப் பட்டியலில் இருப்பவை. வேளை தவிர்ப்பது, ஒரு வகை உணவை அடியோடு ஒதுக்குவது, எண்ணிக்கொண்டே இருப்பது. குடியை விட்டவரிடம் செரிமானத்துக்கு நல்லது என்று இரண்டு பெக் எழுதிக்கொடுப்பது மாதிரி.

ஆக்ஸ்ஃபோர்டின் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சி.பி.டி சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் முறை) இதன் சுழற்சியை நன்றாகக் காட்டுகிறது. ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக இனிப்பு தொடாத பெண். பந்தியில் இலையில் ஜாங்கிரி விழுகிறது, பக்கத்தில் அத்தை, "ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது." சாப்பிடுகிறாள். ஜாங்கிரியால் உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "இனிப்பே கூடாது" என்ற விதி உடைந்துவிட்டது, உடைந்தபின் மனசு "போச்சு, இன்னிக்கு எல்லாம் போச்சு, நாளையிலிருந்து பார்த்துக்கலாம்" என்கிறது. ராத்திரி பதினொன்றரைக்கு, வீடு தூங்கியபின், அடுப்படி லைட்டைப் போடாமல் தாம்பூலப் பையில் வந்த லட்டு, மிச்சமிருந்த புளியோதரை, மிக்சர் டப்பா, பிரெட் பாக்கெட் என்று நின்றுகொண்டே இறங்குகிறது. மறுநாள் குற்ற உணர்ச்சியில் முழுப் பட்டினி. அதற்கு மறுநாள் பசி இரண்டு மடங்கு. விதி இன்னும் கடுமையாகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மனஉறுதி இல்லாத பெண்ணாகத் தெரியும். மூன்று வாரம் இனிப்பு தொடாமல் இருந்ததற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று யோசித்தால் அந்தக் கணக்கு தவறு என்று தெரியும். அவளைத் தள்ளியது விதியின் கடுமை. ஆகவே விதியைத் தளர்த்தாமல் உறுதியை மட்டும் ஏற்றும் எந்தத் திட்டமும் அடுத்த கல்யாணம் வரைக்கும்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. பயிற்சி பெற்றவர்கள் கண்காணிக்கும் உடல்பருமன் சிகிச்சையில் சேர்ந்தவர்களுக்குச் சராசரியாக உண்ணல் கோளாறு அறிகுறிகள் கூடுவதில்லை, குறையவே செய்கின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே "எடை" என்ற சொல்லே கூடாது என்பதும் மிகை. தனியாக, யூடியூப் பார்த்து, ரகசியமாகச் செய்வதற்கும் ஒரு குழுவோடு செய்வதற்கும் உள்ள தூரம்தான் இதில் பெரிது.

## அப்படியானால் எந்த வரிசையில்

1. முதலில் நேரம். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு அல்லது மூன்று சிறு தீனி, இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல். எடை குறைக்க வந்தவரிடம் "ஆறு தடவை சாப்பிடு" என்றால் ஏமாற்றுவது மாதிரி இருக்கும். ஆனால் ராத்திரிக் கட்டுமீறலின் வேர் பெரும்பாலும் பகலில் விட்ட வேளைதான். காலை எட்டரைக்கு இட்லி, பதினொன்றுக்கு ஒரு வாழைப்பழமோ மோரோ, ஒன்றரைக்குச் சோறு, நாலரைக்குச் சுண்டலும் டீயும், எட்டு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு. இது அமைந்து சில மாதம் நிலைக்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

பசி எடுக்கட்டும், அப்புறம் சாப்பிடலாம் என்பது இங்கே ஓடாது. நோயில் கிடந்தவருக்குப் பசிக்குறி வருடக்கணக்கில் கெட்டுப்போயிருக்கும். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் அது திரும்பி வரும்.

2. எடுப்பதற்கு முன் சேர்ப்பது. சோற்றைக் குறைப்பதிலிருந்து தொடங்காதீர்கள். நம் தட்டில் பெரும்பாலும் இருப்பது சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். அந்த ஓரத்தைப் பெரிதாக்குங்கள்: கீரைக் கூட்டு இரண்டு கரண்டி, முட்டையோ மீனோ பருப்போ, கடைசியில் தயிர். வயிற்றுக்கு நிறைவு வந்தால் சோறு தானாகக் கொஞ்சம் இறங்கும், இறங்காவிட்டாலும் பரவாயில்லை. புரதம் இங்கே கட்டாயம், போன தசை திரும்ப வேண்டும்.

3. பயப்படும் உணவைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. பஜ்ஜியோ பரோட்டாவோ எது "தொடவே கூடாது" பட்டியலில் இருக்கிறதோ அதை, பசியோடு இல்லாத நேரத்தில், ஆட்களோடு உட்கார்ந்து, தட்டில் வைத்து, வாரம் ஒருமுறையாவது. எத்தனை என்று கூட இருப்பவர் எண்ண வேண்டாம். இது எடையைக் குறைக்காது, ஆனால் ராத்திரிப் பதினொன்றரையைத் தடுக்கும்.

4. உடற்பயிற்சி தண்டனையாக இருக்கக் கூடாது. "நேற்று பிரியாணி சாப்பிட்டேன், இன்று பத்து கிலோமீட்டர்" என்றால் அது வாந்தியின் தம்பி. ஒரு சின்னச் சோதனை, காய்ச்சல் அடிக்கும்போது பயிற்சியை விட முடிகிறதா? விட முடியவில்லை என்றால் பிரச்சினை இருக்கிறது. அனோரெக்ஸியாவில் எலும்பு தேய்ந்திருக்கலாம் என்பதால் ஓட்டம், குதிப்பு தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வாரம் இரண்டு நாள் எடை தூக்குவதும் பேச்சுத் துணையோடு நடப்பதும் போதும்.

5. தூக்கம். குறைந்தால் பசி ஹார்மோன்கள் கலைந்து இனிப்பின் மீது கை போகும். இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் "நான்கு மணி நேர இடைவெளி" கணக்கை விழித்த நேரத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம்.

6. எடை பார்ப்பதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது. கிளினிக்கில் மெஷினுக்கு முதுகு காட்டி நிற்பது, நர்ஸ் எண்ணைச் சொல்லாமல் சீட்டில் குறிப்பது. போக்கு எப்படி என்று டாக்டருக்குத் தெரிந்தால் போதும். ஒரு நாள் ஊறுகாய் கூடப் போட்டுக்கொண்டால் மறுநாள் காலையில் தண்ணீர் எடை ஏறும், அதைப் பார்த்து ஒரு வாரத்தைத் தொலைக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து எடை நகரவில்லை என்றால்? நடக்கக்கூடியதுதான். பிஞ்ச் ஈட்டிங்குக்குச் சி.பி.டி எடுத்தவர்களில் பாதிப்பேர் வரை கட்டுமீறலை நிறுத்துகிறார்கள், எடையோ பெரிதாக இறங்குவதில்லை. வருடாவருடம் ஏறிக்கொண்டிருந்தது நின்றுபோகிறது. மாதம் இத்தனை கிலோ என்று விளம்பரம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். சர்க்கரை ரிப்போர்ட்டுக்கு இது பெரிய விஷயம்.

## ஊசி, மாத்திரை, ஆபரேஷன்

வீகோவி, மௌஞ்சாரோ போன்ற ஜி.எல்.பி-1 வகை ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதமாக்கி, மூளையில் பசியையும் உணவு பற்றிய ஓயாத நினைப்பையும் தணிக்கின்றன. பிஞ்ச் ஈட்டிங் உள்ள சிலருக்கு அந்த இரைச்சல் அடங்குவது நிம்மதியாக இருக்கிறது, சிறிய ஆய்வுகளும் நடக்கின்றன, ஆனால் அந்த நோய்க்கான மருந்தாக இவை அங்கீகரிக்கப்படவில்லை. அனோரெக்ஸியா வரலாறு உள்ளவருக்கோ கதை தலைகீழ். பசியே தெரியாமல் செய்யும் மருந்து அந்த நோய் கனவில் கேட்டது. குமட்டலும் வாந்தியும் இவற்றின் சாதாரணப் பக்கவிளைவு என்பதால், பழைய வாந்தி எது, மருந்து வாந்தி எது என்று பிரிப்பதும் கஷ்டம். கொழுப்போடு தசையும் போகும்.

புப்ரோபியான் கலந்த எடை மாத்திரை, அனோரெக்ஸியாவோ புலிமியாவோ உள்ளவருக்குக் கூடவே கூடாது, வலிப்பு வரும் அபாயம் உண்டு. கொழுப்பை மலத்தோடு வெளியேற்றும் ஓர்லிஸ்டாட்டைச் சிலர் பேதி மாத்திரைக்கு மாற்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் பிஞ்ச் ஈட்டிங்குக்கு 2015இல் அனுமதித்த லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன் என்ற மருந்துகூட எடைக்குறைப்புக்கான மருந்து அல்ல என்று அதன் சீட்டிலேயே எழுதியிருக்கிறது.

எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு முன் மனநல மதிப்பீடு கேட்பதைச் சடங்கு என்று நினைத்து மறைக்கிறவர்கள் உண்டு. வயிறு சின்னதானாலும் கட்டுமீறல் வேறு வடிவத்தில், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருப்பதாக, திரும்பலாம். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

## வீட்டில் இருப்பவர்களுக்கு

நம் ஊரில் உடம்பைப் பற்றிப் பேசுவது நலம் விசாரிப்பதில் சேர்த்தி. "ஏன் இப்படி இளைச்சுட்ட?" என்பது பாசம். "பூசினாப்ல இருக்கியே" என்பது பாராட்டு. சொல்பவர் மனதில் கள்ளமில்லை. கேட்பவர் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுப்பார். இளைத்ததைப் புகழ்ந்தாலும் மனதில் ஏறிவிடும், குண்டானதைச் சொன்னாலும் ஏறிவிடும், ஆகவே உடம்பைப் பற்றி எதுவுமே பேசாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

செய்யக்கூடியது எளிது. கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டைப் பார்க்காதீர்கள். அவருக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். ஜாதகம் வந்திருக்கிறது, அதற்குள் ஐந்து கிலோ குறைக்கட்டும் என்ற பேச்சைப் பெரியவர் யாராவது எடுத்தால், அதை அங்கேயே நிறுத்த வேண்டியது அம்மாவோ அப்பாவோ, அந்தப் பெண்ணை வாதாட விடக் கூடாது.

## திரும்பி வருகிறதா?

நோய் சத்தமில்லாமல் வரும். மதியச் சாப்பாடு "ஆபீசில் வேலை" என்று இரண்டு நாள் தவறுவது, பாத்ரூம் போகும் நேரம் சாப்பாட்டோடு ஒட்டிக்கொள்வது, யாரோடும் வெளியே சாப்பிடப் போகாமல் தவிர்ப்பது, தளர்ந்த உடைகளுக்கு மாறுவது, மாதவிடாய் தள்ளிப்போவது. எடை குறைகிற சந்தோஷம் அளவுக்கு மீறினால் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் எடைக்குறைப்பை அன்றே நிறுத்திவிட்டு முதல் படிக்கு, அதாவது நேரத்துக்குச் சாப்பிடுவதற்குப் போக வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் பலமின்மை, வாந்தியில் ரத்தம் என்றால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவு.

இந்தியாவில் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபரிலிருந்து இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, அங்கே புறநோயாளியாகவே தொடங்கலாம்.

அடுத்த முறை சுகர் டாக்டர் முன் உட்காரும்போது, வாயில் வரத் தயங்கினால் இதை ஒரு தாளில் எழுதி நீட்டிவிடலாம்: "எனக்கு முன்பு உண்ணல் கோளாறு இருந்து சிகிச்சை எடுத்திருக்கிறேன். என் எடையை என்னிடம் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். பட்டினி, கலோரி எண்ணிக்கை இல்லாத வழியாகச் சொல்லுங்கள். எந்த மருந்து எழுதினாலும் என் மனநல மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு எழுதுங்கள், அவர் நம்பர் பின்பக்கம் இருக்கிறது."